அரிவாளிலிருந்து அட்டைக்கத்திக்கு: பா. இரஞ்சித்தின் ‘அட்டக்கத்தி’யும் இளமை நினைவேக்கத்தின் உரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் இளமைக் காதலை நினைவேக்கத்தோடு எடுத்துரைக்கும் படங்கள் 1970களின் இறுதியிலிருந்து தொடர்ச்சியான மரபாக உருப்பெற்றுள்ளன. இம்மரபில் எவருடைய இளமை நினைவுகூரத் தக்கதாகக் கருதப்பட்டது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. 2012ஆம் ஆண்டு வெளிவந்த ‘அட்டக்கத்தி’ என்னும் காதல் நகைச்சுவைப் படத்தையும் அதன் இயக்குநர் பா. இரஞ்சித்தின் தொடக்ககால நோக்கையும் மையமாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. சென்னையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களின் நில அமைப்பு, நகை என்னும் மெய்ப்பாட்டின் இயல்பு, படம் வெளிவந்த ஆண்டின் அரசியல் சூழல் ஆகியவற்றோடு இயைத்து இப்படம் இங்கு வாசிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நினைவேக்கம், வளரிளம் பருவம், காதல் நகைச்சுவை, கைக்கிளை, கானா, திருவள்ளூர் மாவட்டம்.

முன்னுரை

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ‘அட்டக்கத்தி’ திரைக்கு வந்தது. பெரும் நடிகர் எவரும் அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித்துக்கும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனுக்கும் அது முதல் படம். சி. வி. குமார் தயாரித்த அப்படத்தின் கதையை ஒரு தொடரில் சொல்லிவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தில் தேறாத தினகரன் என்னும் இளைஞன் காதலிக்கப்பட வேண்டும் என்று ஏங்குகிறான், மீண்டும் மீண்டும் தோற்கிறான், தோல்வியினூடே வளர்கிறான்.

இவ்வளவு எளிய கதையை ஆய்வுக்கு உரியதாக்குவது அதன் நாயகன் யார் என்பதே. ‘மெட்ராஸ்’ (2014), ‘கபாலி’ (2016), ‘காலா’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) ஆகிய பிற்காலப் படங்களின் வழியே இரஞ்சித் சாதி எதிர்ப்பு அரசியலின் திரைக்குரலாக அறியப்பட்டார். அவ்வரிசையில் ‘அட்டக்கத்தி’ பெரும்பாலும் ஒரு முன்னோட்டமாகவோ, அரசியல் கூர்மை பெறாத இளமை முயற்சியாகவோ மதிப்பிடப்படுகிறது. இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்குரியது. ஒடுக்கப்பட்டோரின் இளமையைத் துயரத்தின் வழியாக அன்றிச் சிரிப்பின் வழியாக எடுத்துரைத்ததே இப்படத்தின் வரலாற்றுப் பங்களிப்பு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. நினைவேக்கம்: கருத்தும் எல்லையும்

நினைவேக்கத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் ஒரு நோயின் பெயராகப் பிறந்தது. 1688ஆம் ஆண்டு பாசல் பல்கலைக்கழகத்தில் யோகான்னசு ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் அளித்த ஆய்வேட்டில், வீட்டைப் பிரிந்து அயல்நிலத்தில் வாழ்வோர்க்கு நேரும் உடல்நலிவைக் குறிக்க அச்சொல்லை ஆக்கினார். வீடு திரும்புதல், வேதனை என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. இடத்தை இழந்த வேதனையைக் குறித்த அச்சொல் காலப்போக்கில் காலத்தை இழந்த வேதனையைக் குறிப்பதாயிற்று.

ஸ்வெத்லானா பாய்ம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் நினைவேக்கத்தை இருவகைப்படுத்தினார். இழந்த வீட்டை அப்படியே மீட்டெடுக்க விழைவது ஒன்று. அது தன்னை நினைவேக்கம் என்று கருதாமல் மரபு என்றும் உண்மை என்றும் கருதிக்கொள்ளும். மீட்க இயலாமையை உணர்ந்து, ஏக்கத்திலேயே நின்று எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. அதற்கு எள்ளலும் நகையும் அயலானவை அல்ல. ஃபெல்லினியின் ‘அமர்கோர்ட்’, ஜார்ஜ் லூகாசின் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ ஆகிய இரண்டும் 1973ஆம் ஆண்டு வெளிவந்தவை. இளமையைச் சிரிப்போடு திரும்பிப் பார்க்கும் திரைவகைக்கு இவை எடுத்துக்காட்டுகளாகச் சுட்டப்படுவன.

இவ்விரு வகைகளுக்கும் பொதுவான முன்நிபந்தனை ஒன்றுண்டு. ஏங்குவதற்குரிய இனிய இறந்தகாலம் ஒருவனுக்கு இருந்தது என்று சமூகம் ஒப்புக்கொள்ள வேண்டும். சேரியின் இறந்தகாலத்தை இழிவின் கதையாகவோ போராட்டத்தின் கதையாகவோ மட்டும் காணும் பொதுப்பார்வையில், அங்கு வளர்ந்த ஒருவன் தன் பதினெட்டாம் வயதை எண்ணிப் புன்னகைப்பதற்கு இடமிருப்பதில்லை. இவ்வகையில் நினைவேக்கமும் ஓர் உரிமையாகிறது. அது எல்லோர்க்கும் ஒரே அளவில் பங்கிடப்பட்டதன்று.

தமிழ் இலக்கணமரபும் இத்தகைய எல்லைக்கோட்டை அறியும். அன்பின் ஐந்திணைக்கு உரிய தலைமக்களைப் பற்றிப் பேசும் தொல்காப்பிய அகத்திணையியல், அடியோரையும் வினைவலரையும் அதற்குப் புறம்பான நிலையில் வைக்கிறது. அவர்கள் கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் உரியராவர் என்பது உரையாசிரியர்கள் கொண்ட பொருள். பண்டைச் சமூகப் பிரிவுகளை இன்றைய சாதியமைப்போடு நேராகப் பொருத்துதல் பிழையாகும். எனினும், காதலின் முழுமைக்கு உரியவர் யார், ஒருதலைக் காமத்தோடு நிறுத்தப்படுபவர் யார் என்னும் வினா தமிழ்க் கதைமரபுக்குப் புதியதன்று என்பதை இது உணர்த்துகிறது.

2. முன்னோடிப் படங்களும் அவற்றின் நாயகர்களும்

தமிழில் இளமை நினைவேக்கப் படங்களின் தொடக்கமாகப் பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ (1979) படத்தைக் கொள்ளலாம். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவியை ஒட்டிய அமிர்தகழியில் 1939ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். மூன்று சிறுவர்கள், அவர்கள் மயங்கும் ஆசிரியை, உடலைப் பற்றிய அறியாமை கலந்த ஆர்வம், மூவருள் ஒருவனின் சாவு என விரியும் அக்கதை வளர்ந்துவிட்ட ஒருவனின் நினைவாகச் சொல்லப்படுகிறது. ஷோபா ஆசிரியையாக நடித்தார்; கமல்ஹாசன் சிறு வேடமேற்றார். வாவிக்கரையில் கழிந்த இளமையைத் தமிழகத்து ஆற்றங்கரைக்குப் பெயர்த்து அமைத்த அப்படம், நினைவு நிலம்விட்டு நிலம் பெயரவல்லது என்பதைக் காட்டியது.

1981ஆம் ஆண்டில் இரு படங்கள் வந்தன. பாரதி–வாசு இணையரின் ‘பன்னீர் புஷ்பங்கள்’ உதகையின் உறைவிடப்பள்ளி ஒன்றைக் களமாகக் கொண்டது. பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பார்ப்பன இளைஞனுக்கும் கிறித்தவப் பெண்ணுக்கும் இடையே தோன்றும் காதலைக் கூறியது. முன்னதில் வசதிபெற்ற நடுத்தர வர்க்கத்தின் பள்ளிப் பருவமும், பின்னதில் சமய வேறுபாட்டைத் துறக்கும் காதலும் இடம்பெற்றன. இரண்டிலும் காதலனின் தகுதி ஐயத்திற்கு இடமின்றி முன்னரே நிறுவப்பட்டிருந்தது.

சேரனின் ‘ஆட்டோகிராப்’ (2004) இம்மரபின் உச்சமாகக் கருதத்தக்கது. தன் திருமண அழைப்பிதழைக் கொடுப்பதற்காகப் பழைய ஊர்களுக்குச் செல்லும் ஒருவன் வழியெங்கும் தன் பழைய காதல்களைச் சந்திக்கிறான். வாழ்வின் வெவ்வேறு பருவங்களுக்கு வெவ்வேறு ஒளிப்பதிவாளர்களைச் சேரன் பயன்படுத்தினார். பொழுதுபோக்கோடு நல்ல கருத்தும் தரும் சிறந்த படத்திற்கான தேசிய விருதை அப்படம் பெற்றது. திரும்பிச் சென்றால் வரவேற்கும் ஊரும், நினைவைப் பகிர்ந்துகொள்ளும் பழைய தோழரும், பயணத்தைத் தொடங்கும் துணிவும் உடையவனே இத்தகைய கதையின் நாயகனாக இயலும். அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ இதற்கு நேர்மாறான திசையில் சென்றது. பட்டறைத் தொழிலாளியான முருகன் ஆதிக்கச் சாதிப் பெண்ணைக் காதலித்ததன் விளைவாகச் சிதைக்கப்படுகிறான். இறுதியில் அவன் நினைவு பிறழ்ந்தவனாகத் தெருவில் திரிகிறான். ஒரே ஆண்டில் வெளிவந்த இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு பங்கீடு புலப்படும். ஒருவனுக்கு நினைவு செல்வமாகிறது. மற்றவனிடமிருந்து நினைவே பறிக்கப்படுகிறது.

இதன்பின் ‘பருத்திவீரன்’ (2007), ‘சுப்பிரமணியபுரம்’ (2008) முதலிய படங்கள் மதுரை வட்டாரத்தைத் தமிழகக் கிராமத்தின் திரைமுகமாக நிலைநாட்டின. ‘சுப்பிரமணியபுரம்’ 1980ஆம் ஆண்டின் மதுரையை உடை, தலைமுடி, திரையரங்கு, வானொலிப் பாட்டு எனப் பொருள்வழி நுண்மையாக மீட்டுருவாக்கியது. இவ்வலையில் இளமை என்பது அரிவாளோடும் குருதியோடும் பிணைக்கப்பட்டது. வீரம், துரோகம், பழிவாங்கல் ஆகியவை ஆண்மையின் இலக்கணங்களாயின. இத்தகைய சூழலில்தான் ‘அட்டக்கத்தி’ என்னும் தலைப்பு வந்தது. அட்டையில் செய்த கத்தி பார்வைக்கு ஆயுதம் போலிருக்கும், எதையும் வெட்டாது. வீறாப்பு மிகுந்து செயல் குறைந்தவனைக் கேலி செய்யும் சென்னை வட்டார வழக்கு அது. அரிவாள் ஆண்மைக்கு எதிராக அட்டைக்கத்தி ஆண்மையை நிறுத்திய அத்தலைப்பே ஒரு விமரிசனமாக அமைந்தது.

3. இயக்குநரும் நிலமும்

பா. இரஞ்சித் 1982ஆம் ஆண்டு ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்தவர். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றார். வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ (2007) படத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றினார். தெருக் கிரிக்கெட் ஆடும் இளைஞர்களின் நட்பையும் சச்சரவையும் நகையோடு சொன்ன அப்படம், பெருநாயகன் இல்லாமலே ஒரு வட்டாரத்தின் இளமையைப் படமாக்க இயலும் என்பதை நிறுவியிருந்தது. சுவரின் வண்ணம், வீட்டின் பொருள்கள், கூட்டத்தில் உடல்கள் நிற்கும் முறை ஆகியவற்றின் மீது ‘அட்டக்கத்தி’ காட்டும் கவனத்தில் ஓவியப் பயிற்சியின் தடத்தைக் காணலாம்.

கரலப்பாக்கம் இடம்பெறும் திருவள்ளூர் மாவட்டம் 1997ஆம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் நில அமைப்பு ஒருதன்மையானதன்று. மேற்கே திருத்தணிக் குன்றுகள்; நடுவே பூண்டி, செங்குன்றம், சோழவரம் என ஏரிகள்; தெற்கே ஆவடித் தொழிற்பகுதி; கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளியின் துறைமுகங்களும் மின்நிலையங்களும்; வடகிழக்கே பழவேற்காடு ஏரி. ஆந்திர எல்லையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் அமைந்த சுண்ணாம்புக்குளமும் ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களும் இம்மாவட்டத்தின் பகுதிகளே. ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ என்னும் வழக்கம் இங்கு நிலவுகிறது. யாருக்கு எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பு என்பதை ஊர் முடிவு செய்யும். அம்முறையில் பங்கு உடையோரும் பங்கு இல்லாதோரும் ஒரே கரையில் வாழ்கின்றனர்.

இப்பரப்பு முழுவதையும் இணைப்பவை பேருந்தும் புறநகர் மின்தொடர்வண்டியும் ஆகும். ஊருக்கும் நகருக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் பதினேழு வயதுக்கு மேற்பட்டோரின் வாழ்வில் பெரும்பகுதி பயணத்தில் கழிகிறது. பள்ளிக்கும் டுட்டோரியலுக்கும் கல்லூரிக்கும் தொழிற்பேட்டைக்கும் செல்ல நாள்தோறும் பல மணி நேரம் வண்டியேறியாக வேண்டும். ஊரில் சாதியால் பிரிக்கப்பட்ட தெருக்கள் பேருந்தினுள் ஒன்றையொன்று உரசிச் செல்கின்றன. ஊர்த்தெருவில் எதிர்ப்பட்டாலும் பேசிக்கொள்ளாத இருவர் படிக்கட்டருகே சில நிமிடம் அருகருகே நிற்க நேர்கிறது. தமிழ்த் திரையின் பழைய காதல்கள் வயல்வரப்பிலும் ஆற்றங்கரையிலும் தோன்றின. ‘அட்டக்கத்தி’யின் காதல் பேருந்தில் தோன்றுவது இந்நிலத்தின் இயல்பால் நேர்ந்தது.

4. நகை என்னும் மெய்ப்பாடு

நகை தோன்றும் நிலைக்களன்களாக நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். அவற்றுள் இளமையும் பேதைமையும் இரண்டு. பிறரை இகழும் எள்ளலையும் அது ஒரு களனாகவே கொள்ளும். ஆயினும் இளமையால் தோன்றும் நகை இகழ்ச்சியிலிருந்து வேறுபட்டது. வளர்ந்தவர் அதில் தம் பழைய உருவையே காண்பர். தமிழ்த் திரையில் சேரி இளைஞன் நெடுங்காலம் எள்ளலுக்குரிய துணைப்பாத்திரமாக இருந்தான். அவன் பேச்சும் உடையும் நாயகனின் மேன்மையை உயர்த்திக் காட்டப் பயன்பட்டன. ‘அட்டக்கத்தி’ அவனை எள்ளலின் களனிலிருந்து இளமையின் களனுக்கு இடம்பெயர்த்தது.

தினேஷ் நடித்த தினகரன், பூர்ணிமாவைப் (நந்திதா) பேருந்தில் கண்டு காதல் கொள்கிறான். அவள் மறுத்தவுடன் திரையில் தான் கண்ட நாயகர்களைப் போலத் துயர்கொள்ள முயல்கிறான். துயரமோ அவனிடம் தங்குவதில்லை. தேவதாசு மரபின் வழியே தமிழ்த் திரை காதல் தோல்வியை ஆணின் பெருமிதமாக வளர்த்திருந்தது. தாடியும் மதுவும் சாவும் அதன் அடையாளங்கள். அத்துயரத்தை அணிந்துபார்த்து, தனக்கு அளவில்லாத சட்டையைப் போலக் கழற்றி வைக்கும் இளைஞனைக் காட்டியதில் நகையும் நலமும் ஒருங்கே உள்ளன. காதல் தோல்வி அவனை அழிப்பதில்லை. ‘காதல்’ படத்தின் முருகனோடு ஒப்பிடுகையில் இவ்வழியாமை பெரும் வேறுபாடாகும்.

கல்லூரியில் சேர்ந்தபின் தினகரன் ‘ரூட்டு தல’ ஆகிறான். ஒரு பேருந்துத் தடத்தில் வரும் மாணவர்களின் தலைவனைக் குறிக்கும் சொல் அது. சென்னைக் கல்லூரி மாணவர்களிடையே தடம் சார்ந்த இக்குழுக்கள் நீண்டநாள் நிலவி வருகின்றன. செய்தித்தாள்களில் அவை மோதல், கைது, பேருந்து நாள் கொண்டாட்டத்திற்குத் தடை என்னும் அளவிலேயே இடம்பெறும். அத்தகைய மோதல்களில் உண்மையான கத்திகளும் வெளிப்பட்டதுண்டு. படம் அவ்வன்முறையை மறைக்கவில்லை. அதன் பின்னுள்ள ஏக்கத்தைக் காட்டியது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் இளைஞனுக்கு நகரத்தில் சொந்தமான இடம் ஏதுமில்லை. பேருந்தின் படிக்கட்டு மட்டுமே அவன் தலைமை கொள்ளக்கூடிய ஆட்சிப்பரப்பு. அத்தலைமையும் அட்டைக்கத்தியே என்பதைப் படம் பரிவோடு உணர்த்துகிறது.

பூர்ணிமா அதே கல்லூரிக்கு வந்துசேர்ந்த பிறகு, அவள் தன்னைக் காதலிக்கிறாள் என்று தினகரன் நம்புகிறான். அவள் காதலிப்பது தினகரன் என்னும் பெயருடைய வேறொருவனை. இப்பெயர்மயக்கம் வெறும் கதைத்திருப்பமன்று. காதலில் தனித்தன்மையின் உச்சமான அடையாளம் பெயர். தன் பெயரை அவள் மனத்தில் கேட்ட கணத்திலேயே அப்பெயர் தன்னுடையதன்று என்று அவன் அறிகிறான். படம் முழுவதும் நீண்டது கைக்கிளையே என்பது அங்கு உறுதியாகிறது. பழைய இலக்கணம் உழைப்போர்க்கு ஒதுக்கிய கைக்கிளை, தாழ்ந்த காமம் என்னும் பொருளை இங்கு இழந்து, எல்லா இளைஞரும் ஒருமுறை கடந்துவரும் பொதுப்பருவமாகிறது. இவ்விடத்தில் பார்வையாளர் எச்சமூகத்தவராயினும் தினகரனில் தம்மைக் காண்கின்றனர். ஒரு சேரி இளைஞன் ‘எல்லோருடைய’ இளமைக்கும் சான்றாக நிற்பது தமிழ்த் திரையில் அரிதாக நிகழ்ந்த ஒன்று.

சாதியின் பெயரைப் படம் எங்கும் உரத்து அறிவிக்கவில்லை. வீடுகளின் அமைப்பு, பேச்சுவழக்கு, உறவினர் கூடும் நிகழ்வுகள், பாட்டு ஆகியவற்றின் வழியே அறிந்தவர் அறிந்துகொள்ளுமாறு அமைத்தது. அவற்றுள் கானாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. வட சென்னை உழைக்கும் மக்களின் வாய்மொழிப் பாட்டான கானா, சாவு வீடுகளில் இரவெல்லாம் பாடப்பட்டு வளர்ந்தது. 1990களில் இசையமைப்பாளர் தேவா வழியாக அது திரையில் பரவியபோது பின்னணிப் பாடகரின் குரலையும் நட்சத்திர நாயகனின் உடலையும் பெற்றது. ‘அட்டக்கத்தி’யில் கானா பாலாவின் குரலும் சொல்லும் நேரே ஒலித்தன. இழப்பைப் பாடியே பழகிய அவ்வடிவம் இளைஞனின் சிறு இழப்புகளைப் பாடியபோது, துயரத்தைச் சிரிப்போடு தாங்கும் அதன் உள்ளியல்பு வெளிப்பட்டது. படத்தின் நினைவேக்கத் தொனியைப் பெரிதும் உருவாக்கியது இவ்விசையே. ‘ஆட்டோகிராப்’பில் உள்ளது போலத் திரும்பிப் பார்க்கும் சட்டகக்கதை இப்படத்திற்கு இல்லை. நினைவின் வேலையைப் பாட்டும் நுண்பொருள்களும் செய்கின்றன.

5. 2012: சிரிப்பும் தீயும்

படம் வெளிவந்து மூன்று திங்கள் கடப்பதற்குள், 2012 நவம்பர் 7ஆம் நாள், தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. வன்னியப் பெண்ணும் தலித் இளைஞனும் செய்துகொண்ட திருமணத்தையும், அதையொட்டிப் பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதையும் தொடர்ந்து 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலையில் அவ்விளைஞன் இருப்புப்பாதையருகே இறந்துகிடந்தான்.

இக்காலத்தில் சாதிச் சங்கங்களின் மேடைகளில் ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப எழுந்தது. தலித் இளைஞர்கள் ஜீன்சும் டி-சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து பிற சாதிப் பெண்களைக் காதல் என்னும் நாடகத்தால் ஏமாற்றுகின்றனர் என்பது அது. ‘நாடகக் காதல்’ என்னும் சொற்சேர்க்கை அப்போது பொதுவழக்காயிற்று. இக்குற்றச்சாட்டு வரைந்த உருவத்தை ‘அட்டக்கத்தி’யின் தினகரனோடு ஒப்புநோக்குதல் தகும். தலைவாரி, சட்டை மாற்றி, பேருந்தில் பெண்ணின் பார்வைக்காகக் காத்திருக்கும் அதே இளைஞன் திரையில் பேதைமையின் உருவமாகவும் மேடையில் சதியின் உருவமாகவும் தோன்றுகிறான். மேடை அவன் உடையில் திட்டத்தைக் கண்டது. படம் அதில் தயக்கத்தைக் கண்டது. மேடைக்கு அவன் காதல் நடிப்பு. படத்திலும் அவன் நடிக்கிறான், ஆனால் நடிக்கத் தெரியாமல் நடிக்கிறான்.

படம் இந்நிகழ்வுகளை முன்னுணர்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. குற்றச்சாட்டு எழுவதற்கு முன்பே அதற்கு மறுமொழியாகத் தக்க ஓர் உருவம் பொதுவெளியில் இருந்தது என்பதே கூறத்தக்கது. அரசியல் வாதத்தால் மறுக்க இயலாத ஒன்றை நகைச்சுவை மறுக்கவல்லது. ஒருவனைப் பார்த்து அன்போடு சிரித்தவர் அவனைக் கண்டு அஞ்சுவது எளிதன்று. இந்நோக்கில், அரசியல் கூர்மை இல்லாதது என்று கருதப்பட்ட படத்தின் அரசியல் அதன் மென்மையிலேயே அமைந்திருந்தது எனலாம்.

இரஞ்சித்தின் பிற்காலப் பாதையும் இத்தருணத்தின் வெளிச்சத்தில் தெளிவுபெறும். ‘மெட்ராஸ்’ படத்தில் இளமைக் காதல் ஒரு சுவரைச் சுற்றிய அரசியலுக்குள் இழுக்கப்படுகிறது. அவருடைய நீலம் நிறுவனம் தயாரித்து மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ (2018), சட்டக் கல்லூரிக்கு வரும் இளைஞனின் நட்பே குற்றமாகத் தண்டிக்கப்படுவதைக் காட்டியது. ‘அட்டக்கத்தி’யின் தினகரன் ஆங்கிலத்தில் தோற்றதைச் சிரித்துக் கடக்கிறான், பரியனுக்கு ஆங்கிலம் அவமானத்தின் வாயிலாகிறது. ஆறு ஆண்டுகளுக்குள் அதே குறைபாடு நகையிலிருந்து அழுகைக்கும் இளிவரலுக்கும் நகர்ந்தது. இடைப்பட்ட காலத்தின் வரலாற்றை அந்நகர்வு சொல்கிறது.

6. படத்தின் எல்லைகள்

‘அட்டக்கத்தி’யின் சிரிப்புக்கு ஒரு விலையும் உண்டு. பேருந்தில் பின்தொடரப்படும் பெண்ணின் நோக்கிலிருந்து அக்காட்சிகளை எண்ணிப் பார்த்தால் நகை குன்றிவிடும். நாள்தோறும் அதே வண்டியில் செல்லும் மாணவிக்குப் படிக்கட்டில் தொங்கும் கூட்டம் இளமையின் அழகன்று. அது அஞ்சத்தக்க தடை. புறநகர்ச் சிற்றூர்களில் ஒரு பெண் பின்தொடரப்படுகிறாள் என்னும் செய்தி வீட்டை அடைந்தால், பெரும்பாலும் நிற்பது அவளுடைய படிப்பே. பூர்ணிமா தன் விருப்பை வெளிப்படையாக மறுக்கவும், தானே தேர்ந்த ஒருவனோடு செல்லவும் துணிவுடையவளாகப் படைக்கப்பட்டிருப்பது இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆயினும் அவளுடைய காதல் கதை நமக்குச் சொல்லப்படவில்லை. அவள் நினைவுகூரப்படுபவளாக இருக்கிறாள், நினைவுகூர்பவளாக இல்லை.

இது ‘அட்டக்கத்தி’க்கு மட்டுமே உரிய குறையன்று, ‘அழியாத கோலங்கள்’ முதலாக இம்மரபு முழுவதிலும் நினைவு ஆணின் உடைமையாகவே இருந்துவருகிறது. பிரேம்குமாரின் ‘96’ (2018) தஞ்சைப் பள்ளித்தோழி ஜானகிக்கும் நினைவைப் பகிர்ந்தளித்து அதை ஓரளவு நெகிழ்த்தியது. இரஞ்சித்தே பத்தாண்டுகள் கழித்து இயக்கிய ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படத்தை ‘அட்டக்கத்தி’க்கு அவர் எழுதிய மறுப்புரையாகவும் வாசிக்கலாம். புதுச்சேரி நாடகக் குழுவொன்றைக் களமாகக் கொண்ட அப்படத்தில், துஷாரா விஜயன் நடித்த ரெனே என்னும் தலித் பெண் காதலைப் பற்றிப் பேசும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறாள். பேருந்தில் சொல்லப்படாமல் விடப்பட்டதை நாடக மேடை சொல்கிறது. நாடகக் காதல் என்னும் வசைச்சொல்லுக்கு, காதலைப் பற்றிய நாடகம் ஒன்றே மறுமொழியாக அமைந்தது கருதத்தக்கது.

முடிவுரை

இக்கட்டுரையின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, இளமை நினைவேக்கப் படங்களின் தமிழ் மரபு, நினைவுகூரும் உரிமையைச் சமூகத்தின் சில பகுதியினர்க்கே பெரிதும் வழங்கியிருந்தது. ‘அட்டக்கத்தி’ அவ்வெல்லையை விரித்தது. இரண்டாவதாக, அவ்விரிவாக்கம் துயரத்தின் வழியாக அன்றி இளமையையும் பேதைமையையும் களனாகக் கொண்ட நகையின் வழியாக நிகழ்ந்தது. அதனால் கைக்கிளை இழிநிலையிலிருந்து பொதுநிலைக்கு உயர்ந்தது. மூன்றாவதாக, 2012ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த அரசியல் குற்றச்சாட்டுகளின் பின்னணியில் இப்படத்தின் மென்மை வரலாற்றுப் பொருள் பெறுகிறது. நான்காவதாக, பெண்ணின் நினைவு இம்மரபில் இன்னும் விளிம்பிலேயே நிற்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு மூலையைச் சேர்ந்த இளமை ‘அட்டக்கத்தி’ வழியாகத் திரையேறியது. அதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், சுண்ணாம்புக்குளத்திலும் பழவேற்காட்டுக் குப்பங்களிலும் வளர்வோர்க்கு இதே பேருந்துப் பயணமும் தேர்வுத் தோல்வியும் தொழிற்பேட்டை வேலையும் உண்டு; அவற்றோடு ஏரியும் பாடும் உண்டு. இப்பகுதி பொதுவெளியில் பறவைகள், டச்சுக் கோட்டை, துறைமுக விரிவாக்கம், அழியும் மீன்வளம் என்னும் தலைப்புகளிலேயே பேசப்படுகிறது. அவை இன்றியமையாத தலைப்புகளே. எனினும், ஒரு நிலத்தில் வாழ்வோரைச் சிக்கல்களின் தொகுப்பாக மட்டும் காணும் பார்வை, அவர்களுக்கும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட ஒரு மாலையும் அதை எண்ணிச் சிரிக்கும் ஒரு முதுமையும் உண்டு என்பதை மறந்துவிடும். கடலோர, ஏரியோர ஊர்களின் இளமை நினைவுகளை, குறிப்பாகப் பெண்களின் நினைவுகளை, வாய்மொழி வரலாறாகத் தொகுத்து இத்திரைமரபோடு ஒப்பிடுதல் இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையத்தக்கது.